பதினான்காவது சீட்டு

பதுளை
26.08.2023

அன்புத் தங்கை லீலாவுக்கு, அண்ணன் தங்கராஜா எழுதுவது.

நேற்று வெள்ளிக்கிழமை, வெள்ளைக்கல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வீட்டுச் சீட்டு எடுத்து முடித்தோம். பதினான்கு வீடு, முப்பத்தொரு குடும்பம். பதினான்காவது வீடு உன் மகள் கிருஷாந்திக்கு விழுந்தது.

சேதியை முதலில் கொடுத்துவிட்டேன், இனி நிதானமாகப் படி. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? மொனராகலை வெயிலில் குடையில்லாமல் அலையாதே. இங்கே கடை ஓடுகிறது. எனக்கு முழங்கால் மட்டும்தான் தகராறு.

எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டிருந்தாய். மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, மண் சரியலாம், லயத்து வரிசை வீடுகளில் யாரும் இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்து இரண்டு வருஷம். உதவி நிறுவனம் பதினான்கு வீடு கட்டிவிட்டு, யாருக்கு என்பதை ஊரே முடிவு செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. அதற்குத்தான் குழு. எனக்கு வீடு வேண்டியதில்லை, அதனால் என்னைத் தலைவராக்கினார்கள். வாய் பேச இடம் வைக்கக் கூடாது என்று, அந்த வீடுகளுக்கு என் கடையிலிருந்து ஒரு மூட்டை சிமெந்துகூட அனுப்பவில்லை. எவ்வளவு வியாபாரம் போயிருக்கும் என்று உனக்குத் தெரியும்.

முப்பத்தொரு பெயரையும் எழுதிச் சுருட்டிச் செம்புப் பானையில் போட்டோம். பூசாரி புவனேந்திரன் மஞ்சள் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் பிரித்து வாசித்தேன். வாசித்த சீட்டை அங்கேயே கற்பூரத்தில் போட்டுவிடுவது வழக்கம். அம்மன் கொடுத்ததை மறுபடி தோண்டிப் பார்த்து யாரும் சண்டைக்கு வரக் கூடாது அல்லவா.

நீ வருகிறேன் என்றாய், நான் வேண்டாம் என்றேன். பசறைப் பாதை இருக்கிற இருப்பில் உன் முதுகு தாங்காது. கோபித்துக்கொள்ளாதே.

சாவி ஒக்டோபரில். மருந்தை நேரத்துக்குக் குடி.

அண்ணன்
தங்கராஜா


மொனராகலை
09.09.2023

அன்புள்ள அண்ணனுக்கு லீலா.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேயுங்கள், படியேறி இறங்கும் வேலையைக் கடைப் பெடியன்களிடம் விடுங்கள். என் முதுகு பழகிவிட்டது. காதுதான் அப்படியே. அந்தக் காய்ச்சலோடு போனது போனதுதான். போன் வைத்திருக்கிறேன், பேத்தியின் படம் பார்க்க மட்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கிருஷாந்தி எட்டு மாதக் குழந்தையோடு அந்த லயத்தில் கிடக்கிறாளே என்று மழை பெய்யும்போதெல்லாம் எனக்கு இங்கே சோறு இறங்காது. இப்போது இறங்குகிறது. மாப்பிள்ளை ஜனுஷனும் பசறையில் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து கால் நீட்டிப் படுக்க ஒரு இடம் கிடைத்துவிட்டது.

எங்கள் பெண்கள் சங்கத்திலும் சீட்டு உண்டு, தையல் மெஷின் யாருக்கு முதலில் என்பதற்கு. யாரோ வாசித்தால் எனக்குக் கேட்காது. அதனால் சீட்டு என் கைக்கு வரும், நான் பார்த்துப் பக்கத்தில் உள்ளவளிடம் கொடுப்பேன், அப்படியே எல்லோர் கையும் சுற்றிக் கடைசியில் கொப்பியில் ஒட்டுவோம். ஒரு செவிடிக்காக ஊரே எழுத்துக்கூட்டுது என்று ஸைனப் அக்கா கேலி செய்வார்.

முருகையா அண்ணனுக்கு எந்த வீடு? நாலாம் லயத்தில் அவர்கள் காம்பராவின் பின்சுவர்தான் எல்லாவற்றிலும் மோசம். போன பொங்கலுக்கு வந்தபோது அந்த வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போயிற்று. அவர் பெண்சாதி ரெங்கம்மா சிரித்துக்கொண்டு அதற்குள் விளக்குமாறு சொருகி வைத்திருந்தாள்.

அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
லீலா


பதுளை
02.10.2023

அன்புத் தங்கைக்கு.

பதில் தாமதம். பண்டிகைக்குச் சரக்கு ஏற்றுகிற காலம், உட்கார நேரமில்லை. எண்ணெய் தேய்க்கிறேன். உன் அண்ணி நலம்.

கிருஷாந்தி வீட்டுக்குக் கடையிலிருந்து வர்ணம் அனுப்பினேன். அவள் வெளிர் பச்சை கேட்டாள். தண்ணீர்த் தாங்கியும் பெரியதாகவே கொடுத்தேன். சமையலறைச் சுவரில் சாமான் வைக்க ஒரு தட்டும் அடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு செய்ய வேண்டுமா மாமா என்று கேட்டாள். செய்தால் என்ன.

கிடைக்காதவர்கள் பதினேழு குடும்பம். எல்லார் பெயரையும் எழுத இந்தத் தாள் போதாது. அவர்களுக்கும் அடுத்த கட்டம் வரும் என்கிறார்கள். உனக்கு ஏன் அந்தக் கவலை, உன் பிள்ளைக்குக் கிடைத்ததே.

உன் சங்கத்துக்கு நல்ல கொப்பி நாலு அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்


மொனராகலை
16.10.2023

அன்புள்ள அண்ணனுக்கு.

கொப்பி வந்தது, நல்ல கனமான தாள். எல்லோரும் சுகம்.

நான் கேட்டது பதினேழு பெயர் இல்லை, ஒரு பெயர். நீங்கள் எழுதவில்லை. மகள் போனில் செய்தி எழுதி அனுப்பியிருக்கிறாள். சாமான் மாற்றின அன்று முருகையா அண்ணன்தான் அவளுடைய அலுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாராம். தேத்தண்ணி கொடுத்தபோது, வேலை கிடக்கு என்று வாசலிலிருந்தே போய்விட்டாராம். தன் சாமானைத் தூக்க வேண்டிய நாளில் அடுத்தவர் சாமானைத் தூக்கியிருக்கிறார், அப்படியானால் அவருக்கு வீடு இல்லை.

பதின்மூன்று சீட்டு முடிந்தும் கிருஷாந்தி பெயர் வராதபோது, மருமகள்னும் பார்க்காம வாசிக்கிறாரே மனுசன் என்று சனம் உங்களைப் புகழ்ந்ததாம். அதற்குப் பிறகு கடைசிச் சீட்டு அவளுக்கு.

அண்ணா, அந்தச் சீட்டை உங்களைத் தவிர யார் பார்த்தார்கள்?

லீலா


பதுளை
12.11.2023

அன்புத் தங்கைக்கு.

இன்று தீபாவளி. கடை பூட்டி. பிள்ளைகள் வெடி கொளுத்துகிறார்கள். நீ புடவை எடுத்தாயா? அண்ணி உனக்கு ஒரு பெட்டி பலகாரம் கட்டியிருக்கிறாள், மொனராகலை பஸ்ஸில் போடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை விடிய மழையோடு நாலாம் லயத்துப் பின்சுவர் விழுந்தது. முருகையா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். ரெங்கம்மா அடுப்படியில். கால் இரண்டு இடத்தில் முறிவு. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை.

நான் மூன்று நாள் போனேன். நீயும் அங்கே இருந்த காலத்தில் அவனும் நானும் ஒரே லயத்தில் ஒரே பீலித் தண்ணீரில் குளித்தவர்கள் என்பது உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடை வைத்த பிறகு என்னை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறான். கட்டில் பக்கத்தில் எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

“மாரியம்மா குடுக்கல மொதலாளி. அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க? நீங்க வாசிக்கத்தானே செஞ்சீங்க.”

வாங்கிப்போன தோடம்பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் கேள்விக்கு இதில் பதில் எழுத நினைத்து உட்கார்ந்தேன். பண்டிகை நாளில் வேண்டாம்.

அண்ணன்


பதுளை
14.11.2023

லீலா,

போன கடிதம் உனக்குக் கிடைத்திருக்காது. அதற்குள் இதை எழுதுகிறேன். நலம் விசாரிக்க மனம் இல்லை, மன்னித்துக்கொள்.

கடைசிச் சீட்டில் இருந்த பெயர் முருகையா. நாலாம் லயம், ஆறாம் காம்பரா. என் கையெழுத்து, நானே எழுதினது. நான் வாசித்தது கிருஷாந்தி என்று.

முன்கூட்டியே நினைத்தீர்களா என்று கேட்பாய். சத்தியமாக இல்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன்னை வர வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? பாதையால் இல்லை. நீ வந்திருந்தால் முன்வரிசையில் உட்காருவாய், கேட்கவில்லை என்று ஒவ்வொரு சீட்டுக்கும் கை நீட்டுவாய். அந்த நினைப்பு ஓகஸ்ட் மாதத் தொடக்கத்திலேயே எனக்கு வந்துவிட்டது. ஏன் வந்தது என்று நான் என்னையே கேட்கவில்லை. வியாபாரத்தில் முப்பத்தைந்து வருஷம் இருக்கிறேன். தராசில் கை வைக்கிறவன், வைப்பதற்கு முன்னாலேயே யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வான்.

பதின்மூன்று முடிந்தது. கிருஷாந்தி தூணோடு சாய்ந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, அம்மன் முகத்தையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புவனேந்திரன் சீட்டைக் கொடுத்தார். பிரித்தேன். வாய் அவள் பெயரைச் சொன்னது. கை சீட்டைக் கற்பூரத்தில் போட்டது. மிச்சம் இருந்த பதினேழையும் பானையோடு கவிழ்த்து எரித்தேன். அவள் பெயர் அதற்குள் எரிந்தது.

பத்துப் பேராவது செல்போனில் படம் பிடித்தார்கள். நான் பிறகு வாங்கிப் பார்த்தேன். எல்லோரும் பூசாரியின் கண்கட்டைத்தான் பிடித்திருக்கிறார்கள். என் கையை ஒருவரும் பிடிக்கவில்லை. கண்ணைக் கட்டியவரைச் சந்தேகப்பட்டார்கள், கண் திறந்திருந்தவனை நம்பினார்கள்.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். என்ன செய்ய என்று எழுது.

தங்கராஜா


மொனராகலை
20.12.2023

அன்புள்ள அண்ணனுக்கு.

ஐந்து வாரம் நான் எழுதாததற்கு உடம்பு காரணம் இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ரெங்கம்மா சுகமாகி வீட்டுக்குப் போகட்டும், எல்லாம் தானாக அடங்கட்டும், அண்ணனும் மறந்துவிடட்டும் என்று காத்திருந்தேன். உண்மை அதுதான்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். ஜூலை மாதம் நான் போட்ட கடிதத்தில் ஒரு வரி இருந்தது: “நீங்கள் தலைவராக இருந்தும் என் பிள்ளை லயத்திலேயே கிடந்தால் ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.” அந்தக் கடிதத்தை நீங்கள் பத்திரமாக வைத்திருப்பீர்கள், பழைய பில்லைக்கூடக் கிழித்துப் போடாத ஆள் நீங்கள். ஆனால் என்மேல் அதைச் சாட்டவில்லை. சாட்டியிருக்கலாம். எங்கள் சங்கத்தில் எல்லார் கையிலும் சீட்டைச் சுற்றவிடுகிற லீலா, தன் மகள் என்றதும் அண்ணன் காதில் மட்டும் ஓதப் பார்த்தாள்.

போன கிழமை வெள்ளைக்கல்லுக்குப் போனேன். உங்களுக்குச் சொல்லாமல் போனேன். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினாள்: மாமா பொய் வாசிச்சா அது மாமாவோட பாவம், சாவி என் கையில இருக்கு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மறுபடி எந்தச் சுவருக்குக் கீழ போய்ப் படுக்க. அவள் கேட்டதில் தப்பில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜனுஷன் அந்தத் துண்டை வாங்கி அடியில் எழுதினார்: அலுமாரி தூக்கிட்டு வந்தாரு அத்த.

முருகையா குடும்பம் இப்போது, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ரெங்கம்மா காலை நீட்டிக் கிடக்கிறாள். பகலில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று காலையில் அவளைக் கதிரையோடு தூக்கி வெளியே வைக்கிறார்கள். நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். உண்மையைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

என்ன செய்ய என்று கேட்டீர்கள். ஊரில் சொல்லுங்கள் என்று எழுதக் கை வரவில்லை, சொல்லாதீர்கள் என்றும் வரவில்லை.

லீலா


பதுளை
28.12.2023

அன்புத் தங்கைக்கு.

இங்கே மழை விடவில்லை. கடைக்குள் ஈரம். உன் கடிதத்தைக் கல்லாவுக்குள் வைத்துவிட்டு நாலு நாள் யோசித்தேன்.

என் மூளை எப்படி வேலை செய்யும் என்று உனக்குத் தெரியும், மறைக்காமல் சொல்கிறேன். முதலில், சத்தமில்லாமல் முருகையாவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். சாமான் என் கடையில் இருக்கிறது. கிருஷாந்தியும் அசைய வேண்டாம், எவனுக்கும் தெரியவும் வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடம் ஒரு துண்டு நிலம் கேட்டேன். இந்தப் பதினான்குக்கே கொடுத்தது போதும், வேறு இடமெல்லாம் வெடித்த மலை என்று சொல்லிவிட்டார்கள். பதுளையில் வாங்கித் தரலாம் என்றால், அவனும் அவளும் வேலைக்கு எங்கே போவார்கள்? மலையை விட்டால் அவர்களுக்குத் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் கிடையாது, சம்பளம் கிடையாது.

நிலம் கிடைத்திருந்தால் செய்திருப்பேன். செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? முருகையா என் காலில் விழுந்திருப்பான். அவனுக்கு விழுந்த வீட்டை நான் எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவன் விழ நான் தூக்கி நிறுத்தியிருப்பேன். அடுத்த திருவிழாவில் அதற்கும் ஒரு மாலை போட்டிருப்பார்கள். அது கண்ணில் வந்தபோதுதான் எனக்கு என்னையே சகிக்கவில்லை.

ஜனவரி ஏழாம் திகதி ஞாயிறு கோயிலில் கூட்டம் வைக்கச் சொல்லிவிட்டேன். எதற்கு என்று புவனேந்திரனிடம்கூடச் சொல்லவில்லை. உன் வரியைப் பற்றி அங்கே பேச மாட்டேன். ஆயிரம் பேர் ஆயிரம் எழுதலாம், வாசித்தது என் வாய்.

அண்ணன்


மொனராகலை
02.01.2024

அன்புள்ள அண்ணனுக்கு.

புது வருஷம் உங்களுக்கும் அண்ணிக்கும் நன்றாக அமையட்டும்.

கிருஷாந்தி குழந்தையோடு நேற்று இங்கே வந்துவிட்டாள். என்னோடு பேசுவதில்லை, எழுதிக் காட்டுவதும் இல்லை. ஆனால் வரும்போது சாவியை ஜனுஷனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளை இங்கே தனியே விட்டுவிட்டு நான் கூட்டத்துக்கு வர முடியாது.

இரண்டு விஷயம். பேசுவதோடு விடாதீர்கள். பேச்சைக் கேட்டவன் வீட்டுக்குப் போய் ஒரு மாதிரிச் சொல்வான், அவன் பெண்சாதி வேறு மாதிரிச் சொல்வாள். எழுதி ஒட்டுங்கள். மற்றது, என் பிள்ளையை மறுபடி லயத்துக்கு அனுப்பாதீர்கள். அதை உங்களிடம் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதோ தெரியாது. கேட்கிறேன்.

என் வரியைச் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம்.

லீலா


பதுளை
08.01.2024

அன்புத் தங்கை லீலாவுக்கு, அண்ணன் எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு நேற்று இரத்த அழுத்தம் கூடி மருந்து கூட்டியிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

எண்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நான் எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன். உன் வரியையும் நீ சொன்னபடி சேர்த்தேன். வாசித்து முடித்ததும் என்னை அடித்திருந்தால் பரவாயில்லை. புவனேந்திரன் மட்டும் எழுந்து, தாளைக் கொடுங்க, நீங்க வாசிச்சதுதான் எழுதியிருக்கான்னு பார்க்கணும் என்றார். கொடுத்தேன். அவர் பார்த்து, அடுத்தவருக்குக் கொடுத்து, அது எண்பது கையும் சுற்றி வந்தது. அதுவரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

முருகையா கடைசியில் வாங்கினான். அவனுக்கு வாசிக்கத் தெரியும், ஆனாலும் நேரம் எடுத்தான். பிறகு கேட்டான்:

“ஆஸ்பத்திரியில வந்து ஒக்காந்தியே தங்கராஜு. மூணு நாள் வந்து ஒக்காந்தியே. எதுக்கு?”

அவன் பதிலுக்குக் காத்திராமல் மனைவி பக்கம் போய் நின்றுகொண்டான்.

அதற்குப் பிறகு ஊர் கூடி முடிவு செய்தது இது. பதினான்காம் வீடு இந்த மாதம் இருபதாம் திகதிக்குள் முருகையாவுக்கு. ஜனுஷன் அங்கேயே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். பச்சை வர்ணமும் தண்ணீர்த் தாங்கியும் தட்டும் அப்படியே இருக்கும். கிருஷாந்தி குடும்பத்துக்கு என் கடை மாடியில் இரண்டு அறை, வாடகை இல்லாமல், அடுத்த கட்ட வீடு வரும்வரை. அந்தச் சீட்டில் அவள் பெயரும் மற்றப் பதினாறு பெயரோடு விழும். அவளுக்கு முன்னுரிமையும் கிடையாது, தள்ளிவைப்பும் கிடையாது. இனி எடுக்கிற சீட்டை எரிக்கக் கூடாது, மூன்று பேர் வாசித்து, சுற்றவிட்டு, பலகையில் ஒட்ட வேண்டும். நான் தலைவர் இல்லை, குழுவில் எதுவும் இல்லை. என் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் அடுத்த திருவிழா வரை கோயில் பலகையில் தொங்கும்.

ரெங்கம்மா கதிரையில் இருந்தபடி தன்னுடையதைத் தனியாகச் சொன்னாள். அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக முடியாத ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம், சுவர் விழுந்த நாளிலிருந்து கணக்கு. அதைக் கடையிலிருந்து ஆள் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது, நானே கொண்டுபோய்க் கொடுத்து அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு, அவர்கள் புது வீட்டில் குடிபுகுந்து பால் காய்ச்சுகிற அன்றைக்கு நான் வர வேண்டும். வந்து வாசலில் நிற்க வேண்டும், எல்லோரும் பால் குடித்து முடிக்கும்வரை. உள்ளே வரக் கூடாது.

சரி என்றேன்.

அண்ணன்
தங்கராஜா